அட்டவணையிலிருந்து நிறமாலைக்குத் திரும்பிப் போங்கள்

கேள்வி: உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். மருந்து கொடுத்த மனித செல்கள் மூன்று மாதிரி, கொடுக்காதவை மூன்று மாதிரி என ஆறு மாதிரிகளை, மூலக்கூறுகளின் நிறையை அளந்து புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மையம் ஒன்றுக்கு அனுப்பினேன். ஆறு பெரிய கோப்புகளும், 3,412 புரதங்கள் கொண்ட எக்செல் அட்டவணையும், ஒரு பக்க முறைக் குறிப்பும் திரும்பி வந்தன. குறிப்பை இணைத்திருக்கிறேன். இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனையை எக்செலிலேயே செய்து பார்த்தேன். 181 புரதங்களின் பி-மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தது. காலிக் கட்டங்கள் நிறைய இருந்ததால் அவற்றில் சுழியம் போட்டேன். கெரட்டின் பட்டியலின் உச்சியில் நிற்கிறது. அது முக்கியமான கண்டுபிடிப்பா? இந்தப் பகுப்பாய்வை நானே செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லை. கணினி அறிவியலை முறையாகப் படிக்க வேண்டுமா? ஆர் மொழியா, பைதானா? எந்த மென்பொருளில் தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

பதில்: முதலில் கெரட்டினை ஒதுக்கி வைத்துவிடுவோம். தோல், முடி, அறைத் தூசி என்று மனிதர் நடமாடும் இடமெல்லாம் அது இருக்கிறது. மாதிரியைக் கையாளும்போது எப்படியாவது குழாய்க்குள் புகுந்துவிடும். இந்தத் துறையில் யாருடைய அட்டவணையைத் திறந்தாலும் அது தலைகாட்டும். அதற்காகக் கெரட்டின் என்று பெயர் வந்த வரியையெல்லாம் அழித்துவிடாதீர்கள். கெரட்டின் 1, 2, 9, 10 ஆகியவை பெரும்பாலும் தோலிலிருந்து வந்தவை. 8, 18 என்றால், உங்கள் செல்கள் எபிதீலிய வகையாக இருந்தால், அவை செல்லின் சொந்தச் சரக்கு. எந்த எண் என்று நீங்கள் எழுதவில்லை; அதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதைச் சொல்ல எனக்குக் கணினி தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். புரதத் தரவில் எழ வேண்டிய சந்தேகங்களில் பாதி உயிர்வேதியியலிலிருந்துதான் எழுகின்றன. அந்த வகையில் நிரல் மட்டும் தெரிந்தவரைவிட நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். கணினி அறிவியல் பட்டம் வேண்டாம். ஒரு மொழியில் அட்டவணையைப் படிக்க, வடிகட்ட, படம் வரைய, ஒரே வேலையைப் பலமுறை செய்யவைக்கத் தெரிந்தால் போதும். அதோடு புள்ளியியலில் சராசரி, மாறுபாடு, லாக், பல சோதனைகளை ஒரே நேரத்தில் செய்வதால் வரும் சிக்கல் ஆகிய நான்கும் கைவர வேண்டும்.

பெரும்பாலானோர் மென்பொருளை நிறுவுவதிலிருந்து தொடங்குகிறார்கள். கோப்பை ஏற்றி, பொத்தானை அழுத்தி, அட்டவணை வந்ததும் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைக்கிறார்கள். நீங்கள் எதிர்த்திசையில் வாருங்கள். அட்டவணை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்தப் புரதத்தை எந்தப் பெப்டைடுகள் (புரதத்தை வெட்டினால் கிடைக்கும் துண்டுகள்) காட்டிக்கொடுத்தன, அந்தப் பெப்டைடை எந்த நிறமாலை (கருவி பதிவுசெய்யும் நிறைகளின் வரைபடம்) காட்டிக்கொடுத்தது, அந்த நிறமாலையில் எந்த முகடுகள் சாட்சி சொல்கின்றன என்று பின்னோக்கிப் போங்கள். பட்டியலின் உச்சியிலிருந்து ஐந்து, அடியிலிருந்து ஐந்து என்று பத்துப் புரதங்களுக்கு இதைச் செய்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளின் கையேட்டைத் திறந்தாலும் அது என்ன பேசுகிறது என்று புரியும்.

எங்கே தொடங்கலாம் என்று நானே ஒன்றைச் சொல்கிறேன். மாட்டுச் சீரம் கலந்த ஊடகத்தில் செல்களை வளர்த்ததாக முறைக் குறிப்பு சொல்கிறது. அப்படியானால் உங்கள் கோப்புகளில் மாட்டு ஆல்புமின் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்தப் புரதத்தை டிரிப்சின் என்ற நொதி வெட்டும்போது கிடைக்கும் பெப்டைடுகளில் ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமானது: லியூசின், வாலின், அஸ்பராஜின், குளுட்டமிக் அமிலம், லியூசின், திரியோனின், குளுட்டமிக் அமிலம், ஃபீனைல்அலனின், அலனின், லைசின். லைசின் அல்லது ஆர்ஜினினுக்கு அடுத்து டிரிப்சின் வெட்டுவதால் கடைசியில் லைசின் நிற்கிறது. கால்குலேட்டரை எடுத்து இந்தப் பத்து அமினோ அமில எச்சங்களின் நிறைகளைக் கூட்டுங்கள், 1144.613 வரும். ஒரு நீர் மூலக்கூறுக்கு 18.011 சேர்த்தால் 1162.623 டால்டன். இரண்டு புரோட்டான்கள் ஏறிய அயனியாகக் கருவிக்குள் போகும்போது, புரோட்டானுக்கு 1.007 வீதம் சேர்த்து இரண்டால் வகுத்தால் 582.319. பெப்டைடை உடைக்காமல் எடுக்கும் முதல் கட்ட நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு முகடும், அதை அடுத்து 0.50 தள்ளி ஒன்றும், இன்னும் 0.50 தள்ளி ஒன்றும் தெரிய வேண்டும். அவை கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 ஐசோடோப்பினால் வருபவை. இடைவெளி 1.00 ஆக இருந்தால் மின்சுமை ஒன்று, 0.50 என்றால் இரண்டு, 0.33 என்றால் மூன்று. கருவி மின்சுமையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இப்போது அதே பெப்டைடை உடைத்துப் பெற்ற இரண்டாம் கட்ட நிறமாலைக்குப் போங்கள். லைசின் இருக்கும் முனையைத் தக்கவைத்துக்கொண்ட துண்டுகளை ஒய் அயனிகள் என்பார்கள். லைசின் மட்டும் நிற்கும் துண்டு 147.113. அடுத்தது 218.150, வித்தியாசம் 71.037, அதாவது அலனின். அடுத்தது 365.218, வித்தியாசம் 147.068, ஃபீனைல்அலனின். அதற்கடுத்து 494.261, பிறகு 595.309, 708.393, 837.435. ஒவ்வொரு வித்தியாசமும் ஓர் அமினோ அமிலம். உங்கள் நிறமாலையில் இந்த ஏழில் எத்தனை இருக்கின்றன, இருப்பவை உயரமாக இருக்கின்றனவா, அல்லது இரைச்சலோடு இரைச்சலாக ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தேடல் மென்பொருள் கொடுக்கும் மதிப்பெண் என்பது இந்தப் பார்வையைத்தான் எண்ணாக்கித் தருகிறது. 1994-இல் வந்த சீக்வெஸ்ட் தொடங்கி இன்றைய எம்எஸ்ஃப்ராகர் வரை எல்லாத் தேடல் மென்பொருள்களுக்கும் அடிப்படை வேலை ஒன்றே: தரவுத்தளத்தில் உள்ள புரதங்களைக் கணினிக்குள் வெட்டி, வரவேண்டிய முகடுகளைக் கணக்கிட்டு, கருவி கண்டதோடு ஒப்பிடுவது.

இந்தப் பெப்டைடை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. மனித ஆல்புமினிலும் இதே இடத்தில் ஏறத்தாழ இதே பெப்டைடு இருக்கிறது. ஐந்தாவதாக நிற்கும் லியூசினுக்குப் பதிலாக அங்கே வாலின், அவ்வளவுதான். லியூசினுக்கும் வாலினுக்கும் நிறை வித்தியாசம் 14.016 டால்டன். ஆகவே மனிதப் பெப்டைடு 575.311-இல் வரும். இனிமேல்தான் வேடிக்கை. ஒரு மெத்தில் குழு ஏறினால் கூடும் நிறையும் அதே 14.016 டால்டன்தான். மையத்தினர் மனிதப் புரதங்களை மட்டும் தரவுத்தளமாகக் கொடுத்து, மெத்தில் ஏற்றத்தையும் அனுமதித்துத் தேடியிருந்தால், மென்பொருளுக்கு மாடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாட்டுப் பெப்டைடின் நிறமாலையைப் பார்த்து, மனித ஆல்புமினில் வாலினுக்கு முந்தைய குளுட்டமிக் அமிலத்தில் மெத்தில் ஏறியிருக்கிறது என்று அறிவித்துவிடக்கூடும். மொத்த நிறை பொருந்தும். 147, 218, 365, 494, 595 எல்லாம் பொருந்தும். 837-உம் பொருந்தும். ஒய் அயனிகளில் ஆறாவது மட்டும் ஒத்துவராது: மாடு என்றால் 708.393, மெத்தில் ஏறிய மனிதர் என்றால் 694.377. மறுமுனையிலிருந்து எண்ணும் பி அயனிகளிலும் நான்காவது ஒன்றுதான் பிரித்துக்காட்டும்: 456.245-ஆ, 470.261-ஆ. ஏழெட்டு முகடுகள் பொருந்தியதால் மதிப்பெண் அமோகமாக இருக்கும். ஒரு முகட்டைத் தேடிப் பார்க்கும் கண் இல்லாவிட்டால், மருந்து கொடுத்த செல்லில் ஆல்புமினின் மெத்தில் ஏற்றம் மாறுகிறது என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. மாசுப் புரதங்களின் பட்டியலையும் தரவுத்தளத்தோடு சேர்த்துத் தேட வேண்டும். கெரட்டின், மாட்டு ஆல்புமின், வெட்டப் பயன்பட்ட டிரிப்சின் எல்லாம் அதில் இருக்கும். மேக்ஸ்குவான்ட், ஃப்ராக்பைப் போன்ற மென்பொருள்கள் அந்தப் பட்டியலைத் தாங்களே சேர்க்க வழி வைத்திருக்கின்றன. உங்கள் அட்டவணையில் மாசு என்று குறியிட்ட நெடுவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

நிறமாலைகளைக் கண்ணால் பார்க்க என்ன வேண்டும் என்றால், ஃப்ராக்பைப்பை நிறுவி உங்கள் ஆறு கோப்புகளையும் நீங்களே ஒருமுறை தேடவையுங்கள். கல்வி ஆய்வுக்கு அது இலவசம். நிறமாலைகளைக் காட்டும் பார்வைப் பகுதியும் கூடவே வருகிறது. குறிப்பில் டிடிஏ என்று இருப்பதால் இது பொருத்தம். டிஐஏ முறையில் எடுத்த தரவு என்றால் டிஐஏ-என்என் பக்கம் போகச் சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவே: டிடிஏ முறையில் கருவி ஒவ்வொரு சுற்றிலும் பலமான அயனிகளாகப் பார்த்துப் பொறுக்கி உடைக்கிறது, டிஐஏ முறையில் பொறுக்காமல் ஒரு நிறை எல்லைக்குள் வந்த எல்லாவற்றையும் சேர்த்து உடைக்கிறது. மென்பொருள் சண்டைகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். எதை எடுத்தாலும் அமைப்புப் பக்கத்தில் என்ன கொடுத்தீர்கள் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

அந்த அமைப்புப் பக்கத்தை உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டோடு வைத்து ஒப்பிடுங்கள். சிஸ்டீனை அயோடோஅசிட்டமைடு கொண்டு அடைத்தார்களா? அப்படியானால் ஒவ்வொரு சிஸ்டீனுக்கும் 57.021 கூட வேண்டும் என்று மென்பொருளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தவறினால் சிஸ்டீன் உள்ள பெப்டைடுகள் ஏறத்தாழ அனைத்தும் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மெத்தியோனின் ஆக்சிஜனேற்றத்துக்கு 15.995, இது ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம் என்ற வகை. இந்த இரண்டாம் வகை மாற்றங்களை ஆசைக்குச் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொன்றும் தேடும் பரப்பைப் பெருக்குகிறது. பரப்பு பெருகினால் தற்செயலாகப் பொருந்துபவையும் பெருகும். மேலே சொன்ன மெத்தில் கதை அப்படித்தான் பிறக்கிறது.

அடுத்து, 3,412 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? மென்பொருள் உண்மையான புரதங்களோடு, அவற்றின் அமினோ அமில வரிசையைத் தலைகீழாக்கிய போலிப் புரதங்களையும் கலந்து தேடுகிறது. போலிகள் இயற்கையில் இல்லாதவை. ஆகவே ஒரு மதிப்பெண்ணுக்கு மேலே ஐம்பது போலிகள் வந்திருந்தால், அதே மதிப்பெண்ணுக்கு மேலே உள்ள உண்மைப் பெயர்களிலும் ஏறத்தாழ ஐம்பது தற்செயலாக வந்தவை என்று கொள்ளலாம். பொய்க்கண்டுபிடிப்பு விகிதம் என்று அவர்கள் சொல்லும் 1% இப்படிக் கிடைப்பதுதான். ஆனால் 1% எதில் என்று கேட்க வேண்டும். நிறமாலைகளில் 1%, புரதங்களில் 1% ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 நிறமாலைகள் அடையாளம் காணப்பட்டன, அவற்றில் 1% தவறு என்று வைத்துக்கொள்வோம். தவறானவை 400. சரியான 39,600-உம் செல்லில் உண்மையாகவே இருக்கும் 3,000 புரதங்களின்மீது திரும்பத் திரும்ப வந்து குவியும். தவறான 400-உம் தற்செயலானவை என்பதால் தரவுத்தளத்தில் உள்ள 20,000 சொச்சம் மனிதப் புரதங்களின்மீது சிதறி விழும். அவற்றில் 60 போல ஏற்கெனவே இருக்கும் புரதங்களின்மீது விழுந்து மறைந்துபோகும். மீதி 340 ஆளுக்கொரு புதிய புரதமாகப் பட்டியலில் நுழைந்துவிடும். 3,340 பேர் கொண்ட பட்டியலில் பத்தில் ஒருவர் பொய்! அதனால்தான் புரத மட்டத்தில் தனியாக ஒருமுறை 1% வடிகட்ட வேண்டும் என்கிறோம். ஒரே ஒரு பெப்டைடினால் உள்ளே வந்த புரதங்களை முதலில் சந்தேகப்படச் சொல்வதும் இதனால்தான்.

இது மாணவர்களுக்கு மட்டும் நேரும் சிக்கல் அல்ல. 2014-இல் நேச்சர் இதழில் மனிதப் புரதத்தொகுதியின் வரைவு என்று இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகளுக்கு, மூக்கோடு சம்பந்தமில்லாத திசுக்களில் ஆதாரம் கிடைத்ததாக அவற்றில் பதிவாகியிருந்தது. அது எப்படி என்று மற்ற ஆய்வாளர்கள் அந்த நிறமாலைகளைத் திறந்து பார்த்தார்கள். அவை அவ்வளவு பெரிய முடிவைத் தாங்கும் தரத்தில் இல்லை என்று எழுதினார்கள். அவர்களைக் கேள்வி கேட்கவைத்தது உயிரியல். விடை தேடிப் போன இடம் நிறமாலை.

ஒரு பெப்டைடு இரண்டு மூன்று புரதங்களில் பொதுவாக இருந்தால் அதை யார் கணக்கில் எழுதுவது என்ற சிக்கலும் உண்டு. மென்பொருள் அவற்றை ஒரே குழுவாக்கி, முதலில் ஒரு பெயரைப் போட்டுவிடும். அந்த முதல் பெயரை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள். குழுவில் மற்றவர் யார் என்று பாருங்கள். இப்போதைக்கு இது போதும்.

காலிக் கட்டங்களுக்கு வருவோம். அவற்றில் சுழியம் போட்டதை உடனே எடுத்துவிடுங்கள். காலி என்றால் புரதம் இல்லை என்று பொருளல்ல. டிடிஏ முறையில் கருவி பலமான அயனிகளைத்தான் பொறுக்குகிறது என்று சொன்னேன். அளவு குறைந்த புரதத்தின் பெப்டைடு ஓர் ஓட்டத்தில் பொறுக்கப்பட்டு, அடுத்த ஓட்டத்தில் நூலிழையில் தவறிப்போகும். இந்தத் தரவை லாக் 2 அளவுக்கு மாற்றித்தான் பகுப்பாய்வு செய்வோம். இரு மடங்கு கூடினால் +1, பாதியாகக் குறைந்தால் −1 என்று இரு பக்கமும் சமமாக வரும் என்பதால் அப்படிச் செய்கிறோம். சுழியத்துக்கு லாக் கிடையாது. பலர் அதை ஒன்று என்று மாற்றிச் சமாளிப்பார்கள்; ஒன்றுக்கு லாக் எடுத்தால் சுழியம் வரும். மருந்து கொடுக்காத மூன்றிலும் லாக் மதிப்பு 24, கொடுத்தவற்றில் 24, 24.1, காலி என்று ஒரு புரதம் இருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் எந்த மாற்றமும் இல்லை. காலியைச் சுழியமாக்கினால் இரண்டாம் குழுவின் சராசரி 16-க்கு இறங்கும். வித்தியாசம் 8, அதாவது 256 மடங்கு வீழ்ச்சி. இப்படிப்பட்டவைதான் உங்கள் பட்டியலில் மடங்கு மாற்றம் அதிகமான இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நான் செய்வது இது. ஏதாவது ஒரு குழுவில் மூன்று மாதிரிகளிலும் மதிப்புள்ள புரதங்களை மட்டும் வைத்துக்கொள்வேன். ஒரு குழுவில் மூன்றிலும் இருந்து மற்றதில் மூன்றிலும் இல்லாதவற்றைத் தனித்தாளில் எழுதிவைத்து, ஒவ்வொன்றின் நிறமாலையையும் திறந்து பார்ப்பேன். அவற்றுக்கு மடங்குக் கணக்கு சொல்லமாட்டேன். குறைந்த மதிப்புகளின் எல்லையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து நிரப்பும் முறை பரவலாக இருக்கிறது. செய்யலாம். ஆனால் நிரப்பியும் நிரப்பாமலும் இருமுறை ஓட்டி, நிரப்பினால் மட்டும் தோன்றும் முடிவுகளை முடிவுகளாக எண்ணக் கூடாது.

இப்போது அந்த 181. நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். சற்றுக் கசப்பான கணக்கு இது. 3,412 சோதனைகள் செய்து 0.05-இல் கோடு போட்டால், மருந்து எதையுமே மாற்றாவிட்டாலும் தற்செயலாகவே ஏறத்தாழ 170 புரதங்கள் கோட்டுக்குக் கீழே வரும். உங்களுக்கு வந்தது 181. பத்துப் பதினொன்று மிச்சமிருக்கிறதே என்று தோன்றலாம். அவை எவை என்று சொல்ல இந்தக் கணக்கால் முடியாது. 1995-இல் வந்த பெஞ்சமினி-ஹாக்பெர்க் திருத்தம் இதற்காகவே இருக்கிறது. அதைப் போட்டால் 181-இல் ஒன்றுகூட நிற்காமல் போகலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருளில்லை. மூன்று மாதிரிகளை வைத்து ஒரு புரதத்தின் மாறுபாட்டை மதிப்பிடுவது மிக நலிவான மதிப்பீடு என்பதும் ஒரு காரணம். ஆர் மொழியில் உள்ள லிம்மா என்ற தொகுப்பு, ஆயிரக்கணக்கான மற்றப் புரதங்களின் மாறுபாட்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த மதிப்பீட்டைத் திடப்படுத்துகிறது. முதலில் மரபணு வெளிப்பாட்டுத் தரவுக்காக எழுதப்பட்டது. புரதங்களுக்கும் அழகாகப் பொருந்துகிறது.

இதிலேயே உங்கள் மொழிக் கேள்விக்கும் விடை வந்துவிட்டது. ஆர். இந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தேவையான லிம்மா, எம்எஸ்ஸ்டாட்ஸ், கியூஃபீச்சர்ஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நாளைக்கு நிறமாலைகளின்மீது ஆழ்கற்றல் மாதிரிகள் கட்டப்போகிறீர்கள் என்றால் பைதானுக்குப் போகலாம். அதற்குள் ஒரு மொழி கைவந்திருக்கும், இரண்டாவது எளிது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கி இரண்டிலும் முதல் பாடத்தைத் தாண்டாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிரலாக்கத்தை எதைக் கொண்டு பழகுவது? பொதுவான பயிற்சிக் கணக்குகளை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். உங்கள் ஆறு மாதிரிகளை மூன்று மூன்றாகப் பிரிக்கப் பத்து வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் உண்மையான பிரிவு. மற்ற ஒன்பதில் மருந்து கொடுத்தவையும் கொடுக்காதவையும் கலந்திருக்கும். பத்துக்கும் அதே சோதனையை ஓட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை புரதங்கள் 0.05-க்குக் கீழே வருகின்றன என்று எண்ணும் நிரலை எழுதுங்கள். அட்டவணையைப் படிப்பது, நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுப்பது, சுழல் எழுதுவது, முடிவைச் சேமிப்பது என்று ஆரம்பத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் வந்துவிடும். உண்மையான பிரிவு மற்ற ஒன்பதிலிருந்து தனித்து நின்றால் நம்பிக்கையோடு மேலே போகலாம். கூட்டத்தோடு கூட்டமாக நின்றால், உங்கள் நெறியாளருக்குக் காட்ட வேண்டிய முதல் படம் அதுதான். கணினி உரையாடிகளிடம் நிரல் எழுதி வாங்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கலாம். விடை தெரிந்த தரவில் ஓட்டிப் பார்க்காமல் உங்கள் தரவின்மீது விடாதீர்கள்.

விடை தெரிந்த தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. புரோட்டியோம்எக்ஸ்சேஞ்ச் கூட்டமைப்பின் களஞ்சியங்களில், குறிப்பாகப் பிரைடில், மனிதர், ஈஸ்ட், ஈ. கோலை ஆகிய மூன்றின் புரதங்களைத் தெரிந்த விகிதத்தில் கலந்து எடுத்த கோப்புகளைத் தேடுங்கள். பெயர்பெற்ற ஒரு கலவையில் முதல் குழாயில் மனிதப் புரதம் 65%, ஈஸ்ட் 30%, ஈ. கோலை 5%, இரண்டாவதில் 65%, 15%, 20%. ஆகவே முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், லாக் 2 அளவில் மனிதப் புரதங்கள் சுழியத்திலும், ஈஸ்ட் +1-இலும், ஈ. கோலை −2-இலும் மூன்று பட்டைகளாகப் பிரிந்து விழ வேண்டும். அது டிஐஏ முறையில் எடுத்தது. ஆனால் புரத அட்டவணை கைக்கு வந்தபின் பயிற்சி ஒன்றேதான். மனிதப் பட்டையிலிருந்து எத்தனை புரதங்கள் மாறிவிட்டதாக உங்கள் முறை பொய் சொல்கிறது, ஈஸ்டில் எத்தனையைத் தவறவிடுகிறது என்று நேரடியாக எண்ணலாம். காலிக் கட்டங்களைச் சுழியமாக்கி ஒருமுறை, ஆக்காமல் ஒருமுறை இதில் ஓட்டிப் பாருங்கள். நான் மேலே எழுதியதையெல்லாம் நம்ப வேண்டிய அவசியமே இருக்காது.

எக்செல் பற்றி ஓர் எச்சரிக்கை. செப்டின் என்ற குடும்பப் புரதங்கள் உங்கள் செல்களில் கட்டாயம் இருக்கும். அவற்றின் மரபணுப் பெயர்களின் பழைய சுருக்கத்தைக் கண்டால் எக்செல் அதைச் செப்டம்பர் மாதத் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-இல் மனித மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு பெயர்களையே மாற்றிவிட்டது. ஆனாலும் பழைய பெயர்களோடு தரவுத்தளங்கள் உலவுகின்றன. உங்கள் அட்டவணையில் பெயர் நெடுவரிசையில் ஏதாவது தேதி தென்படுகிறதா என்று இன்றே பாருங்கள். தென்பட்டால், எக்செலில் சேமித்த அந்தக் கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டு, மையம் அனுப்பிய மூல உரைக் கோப்பிலிருந்து தொடங்குங்கள். புரதத்தை அடையாளம் காணப் பெயரை நம்பாமல் யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் அடையாள எண்ணை வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆய்வுக்கூட வேலைக்கு நடுவே நிதானமாகச் செய்தாலும் ஆறு மாதத்தில் உங்கள் அட்டவணையை நீங்களே உருவாக்கி, நீங்களே வாதாடிக் காப்பாற்றும் நிலைக்கு வந்துவிடலாம் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். ஆறு மாதிரிகளையும் எந்த வரிசையில், எந்தத் தேதிகளில் கருவியில் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். முறைக் குறிப்பில் அது இல்லை. மருந்து கொடுக்காத மூன்றையும் ஒரு நாள், கொடுத்த மூன்றையும் இன்னொரு நாள் ஓட்டியிருந்தால், பார்க்கும் வித்தியாசம் மருந்தினால் வந்ததா, கருவியின் நாள் வேறுபாட்டினால் வந்ததா என்று லிம்மாவாலும் பிரிக்க முடியாது, வேறு எதனாலும் முடியாது. அப்படி நடந்திருந்தால், வெட்டிய பெப்டைடுகளில் மிச்சம் மைனஸ் 80 டிகிரியில் இருக்கிறதா என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இருந்தால், ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அடுக்கி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். செல் வளர்ப்பிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்குவதைவிட அது மிகச் சிறிய வேலை.